அக்கா கல்யாணத்தை மறைச்ச மண்டை

தனியா இருக்கிறவன் வாயை மூடிக்கிட்டு இருப்பான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தனியா இருக்கிறவன்தான் ஓயாம பேசுவான். அடுப்போட பேசுவான், கரண்ட் போனா பல்போட சண்டை போடுவான், சோறு கொழைஞ்சா பானைய நிக்க வச்சு கேள்வி கேப்பான். யாரும் பாக்கலங்கிற தைரியம்தான். எனக்கும் அந்தத் தைரியம் நெறய இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் எங்க லயத்துச் சனமே வரிசையா உக்காந்து என்னையப் பாத்துச்சு. அதோட அந்தத் தைரியம் போயிருச்சு.

பொகவந்தலாவைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல, ஒட்டி ஒட்டி வீடு இருக்கிற லயத்துல கடைசிக் காம்பரா எங்களோடது. அப்பா நான் சின்னதா இருக்கும்போதே போய்ச் சேந்துட்டாரு. அம்மா லெச்சுமி குவைத்துல ஒரு வீட்டுல வேலை. புஷ்பா அக்கா கல்யாணம் கட்டி வத்தளைக்குப் போயிருச்சு. அப்புறம் நானும் அடுப்பும்தான் மிச்சம். எனக்குப் படிப்பு ஓ-லெவலோட நின்னுபோச்சு (நான் நிறுத்தல, கணக்குப் பாடம் நிறுத்துச்சு). கடைத்தெருவுல ஒரு கம்யூனிகேஷன் கடையில ஃபோட்டோ காப்பி அடிக்கிறது, ஃபோனுக்கு ரீலோட் போடுறது, கல்யாணக் கார்டுக்குப் புள்ளையார் படம் தேடிக் குடுக்குறது, இதுதான் என் உத்தியோகம். கடையில பேசிக்கிட்டே இருப்பேன். வர்ற ஆளையெல்லாம் வம்புக்கிழுப்பேன். சாயங்காலம் பஸ்ஸுல ஏறி, பனிக்குள்ள எறங்கி, காம்பராவத் தொறந்தா ஒரு சத்தமும் இருக்காது.

சும்மா சொல்லக்கூடாது, பக்கத்து வீட்டுச் சத்தம் வரும். லயத்துச் செவரு கூரை வரைக்கும் போகாதுங்க. அந்தப் பக்கம் செல்லம்மா அத்தை கருவாடு பொரிச்சா இந்தப் பக்கம் நான் வெறுஞ்சோத்தத் தின்னுருவேன். அவங்க சீரியல் பாப்பாங்க, ராமையா மாமாவத் திட்டுவாங்க, சிரிப்பாங்க. எல்லாம் செவருக்கு மேலால வந்து விழும். நம்ம வீட்டுச் சத்தம்தான் இல்ல.

அந்தக் குறைக்குத்தான் அக்கா கல்யாண சிடி கெடச்சுச்சு.

என்கூடப் படிச்ச சுதன் கொழும்புல கம்பியூட்டர் ரிப்பேர் கடையில வேலை செய்றான். மூடி ஆடுற ஒரு பழைய லெப்டொப்ப என் தலையில கட்டிட்டான். அதுல விண்டோஸ் கெடையாது, வேற ஏதோ லினக்ஸ்னு ஒண்ணு போட்டு வச்சிருந்தான். கடைக் கம்பியூட்டர்ல சிடியப் போட்டா தானா வந்து நிக்கும். இதுல வராது. சிடி உள்ள சுத்திக்கிட்டே இருக்கும், கம்பியூட்டர் அதக் கண்டுக்காது. மவுண்ட் பண்ணணும்னு சொன்னான் சுதன். அப்பிடின்னா என்னடான்னு கேட்டேன். ஒன் வீட்டுக்குச் சொந்தக்காரன் வந்து வாசல் இஸ்தோப்புல நிக்கிறான்னு வச்சுக்க, நீ பாயப் போட்டு, இங்க உக்காருங்கன்னு எடத்தக் காட்டினாத்தானே உள்ள வருவான், அதுதான் மவுண்ட்னான். அந்தப் பாயப் போடுற கட்டளைய ஒரு வரியா ஃபோன்ல சொன்னான். நான் மார்க்கரால செவத்துல, காலண்டருக்குப் பக்கத்துல பெருசா எழுதி வச்சுக்கிட்டேன்.

இன்னொரு விஷயமும் சொன்னான். படம் ஓடிக்கிட்டிருக்கும்போது சிடிய வெளிய எடுக்க முடியாதாம். பிஸின்னு சொல்லிட்டு வாயத் தொறக்காதாம். பந்தியில உக்காந்து சாப்புடுறவங்கள எழுப்ப முடியாதுல்ல, அந்த மாதிரி. எனக்கு அந்தக் குணம் ரொம்பப் புடிச்சுச்சு. எங்க வீட்டுக்கு வந்த யாரும் அவ்வளவு நேரம் உக்காந்ததில்ல.

அப்பறம் என்ன, தினம் சாயங்காலம் அக்கா கல்யாணம்தான். சோத்தப் போட்டுக்கிட்டு முன்னால உக்காந்துருவேன். பாத்துப் பாத்து, எந்த எடத்துல யாரு தும்முவாங்கங்கிறது வரைக்கும் தெரியும்.

அந்தக் கல்யாணத்துக்கு அம்மா வரல. மேடம் லீவு குடுக்கல. தாலி கட்டுறப்ப அம்மா நிக்க வேண்டிய எடத்துல செல்லம்மா அத்தைதான் நின்னாங்க. ஃபோட்டோவெல்லாம் அம்மாவுக்கு ஃபோன்ல போச்சு. வீடியோ அனுப்ப எங்க தோட்டத்து சிக்னலுக்குச் சக்தி கெடையாது. அம்மாவும் வேணாம்னுட்டாங்க. "துண்டு துண்டா ஃபோன்ல பாக்க மாட்டேன்டா. நம்ம வீட்டுக்கு வந்து, நல்ல சேலை கட்டிக்கிட்டு, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வந்து உக்காந்து பாக்குறேன். அது வரைக்கும் பத்தரமா வச்சிரு"ன்னு சொன்னாங்க.

பத்தரம்னா அவ்வளவு பத்தரம். அக்காகிட்ட இருந்த சிடிய அது புள்ள பல்லு மொளைக்கிற நேரத்துல கடிச்சு ஒடச்சிருச்சு. ஸ்டூடியோக்காரரு கடையப் பூட்டிட்டு கத்தாருக்குப் போயிட்டாரு. மிச்சம் இருந்தது என்கிட்ட இருந்த ஒண்ணுதான். நான் அதக் காப்பி பண்ணிக்கூட வச்சிருந்தேன், லெப்டொப்ல, முன்னால தெரியிற மாதிரி. அந்த ஐக்கன் படத்து மூலையில ஒரு சின்ன அம்புக்குறி இருந்துச்சு. அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்.

அம்மாவுக்கு லீவு கெடச்சிருச்சுன்னு தெரிஞ்சதும் எனக்குக் கிறுக்குப் புடிச்சுச்சு. சும்மா கல்யாணத்தப் போட்டுக் காட்டினா நான் எதுக்கு, எங்க அம்மாவ வரவேத்து நானே ஒரு வீடியோ எடுத்து அதே சிடியில ஏத்திட்டா, மொத வேலையா மகன் மூஞ்சி வரும், அம்மா அப்பிடியே ஆச்சரியப்பட்டுப் போவாங்கன்னு கணக்குப் போட்டேன். (கணக்குல நான் எப்பிடின்னுதான் சொல்லியிருக்கேனே.)

ஃபோன அலுமாரித் தட்டுல சாச்சு வச்சேன். தலைய நனைச்சு சீவினேன். குவைத் மகாராணி லெச்சுமி அம்மையார் அவர்களே வருக வருகன்னு ஆரம்பிச்சு, மேடைப் பேச்சு மாதிரி ஒண்ணு பேசி, கும்புடு போட்டு, நிறுத்துற எடத்த அமுக்கினேன். என் ஃபோன்ல கீழ்ப் பக்கம் கண்ணாடி வெடிச்சிருக்கும். சில நேரம் தொட்டா கேக்கும், சில நேரம் கேக்காது. அன்னைக்கு கேட்டுச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். ஃபோன் கேக்கல. பிறகு ஃபோன்ல எடமில்லாம தானா நின்னுருக்கு. அத எடுத்துப் பாத்தப்ப என் மூஞ்சி வர்ற வரைக்கும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல பாக்க என்ன இருக்குன்னு மூடிட்டேன்.

அம்மா வர்ற அன்னைக்குக் காலையில கடையில வச்சு சிடியில ஏத்தினேன். நடுவுல கம்பியூட்டர் இங்கிலீஸ்ல நீளமா ஒரு கேள்வி கேட்டுச்சு. எங்க முதலாளி எனக்குச் சொல்லிக் குடுத்த ஒரே தொழில் ரகசியம், புரியாம எது கேட்டாலும் நோ குடுன்னு. வைரஸ் வராதாம். நானும் நோ குடுத்தேன். ஏறிருச்சு. கடையில கூட்டமா இருந்துச்சு, போட்டுப் பாக்க நேரமில்ல. சிடிய சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு அம்மாவக் கூட்டிட்டு வரப் போயிட்டேன்.

அம்மா மெலிஞ்சு போயிருந்தாங்க. வீட்டுக்குள்ள வந்ததும் செவத்துல இருந்த மார்க்கர் எழுத்தப் பாத்து, இது என்னாடா மந்திரம்னாங்க. அதுதான் கல்யாணத்த வரவழைக்கிற மந்திரம்னேன். குளிச்சிட்டு, பொட்டிக்குள்ள இருந்து புதுச் சேலைய எடுத்துக் கட்டினாங்க. தலையில பூவும் வச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டு வாங்குப் பலகையில நடுவுல உக்காந்து, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரியே இருந்துச்சு.

லயத்து ஆளுங்க எல்லாரும் வந்துட்டாங்க. அம்மாவப் பாக்க பாதி, தன்னையே வீடியோவுல பாக்க பாதி. செல்லம்மா அத்தை, கல்யாணத்துக்குக் கட்டின அதே ஊதாச் சேலையக் கட்டிக்கிட்டு வந்தாங்க. வீடியோவுலயும் நேர்லயும் பாக்கட்டும்னு இருக்கும்.

நான் ஒரு விஞ்ஞானி மாதிரி செவத்தப் பாத்துப் பாத்து தட்டினேன். சிடி சுத்துச்சு. ஒரே ஒரு வீடியோ வந்து நின்னுச்சு, என்னோடது. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால வரும்னு நெனச்சுக்கிட்டு, பெருமையாப் போட்டேன்.

மகாராணி லெச்சுமி அம்மையார்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. அம்மா வெக்கப்பட்டு முந்தானையால வாய மூடினாங்க. கும்புடு போட்டேன். பிறகு என் பெருவிரல் பூசணிக்கா அளவுக்கு வந்து திரைய மறச்சுச்சு. விரல் போச்சு. நிக்க வேண்டிய வீடியோ நிக்கல.

வீடியோவுல நான் திரும்பி நடந்து போறேன். பானையத் தொறந்து, இன்னைக்கும் கொழைஞ்சுட்டியா நாயேங்குறேன். தட்டுல சோத்த அள்ளிக்கிட்டு, ஃபோனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, லெப்டொப் முன்னால உக்காருறேன். தட்டுறேன். நாதஸ்வரச் சத்தம் கேக்குது. என் தோளுக்கு மேலால சின்னதா அக்கா கல்யாணம் தெரியுது.

என்ன வரப்போகுதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நிறுத்துறதுக்குப் பாஞ்சேன். அம்மா என் கையப் புடிச்சாங்க. "இரு. அது புஷ்பாதானே? ஓடட்டும்."

ஓடுச்சு.

மாப்பிள வீட்டு ஆளுங்க பஸ்ஸ விட்டு எறங்குறாங்க. வீடியோவுல நான் சோத்துக் கையோட, "வாங்க, வாங்க, பாத்து எறங்குங்க, வழுக்கும்"ங்குறேன். கொட்டகலைல இருந்து வந்த மாப்பிளையோட பெரியப்பா மைக்கப் புடிச்சு மணமக்கள வாழ்த்துறாரு. அவரு ஒவ்வொரு வரி சொல்லி முடிக்கும்போதும் நான், "ஆமா மாமா, சரிதான் மாமா, நீங்க மொதல்ல சாப்புடுங்க மாமா"ங்குறேன். ஒரு கெழவி தும்முறதுக்கு முன்னாலயே, "பாத்து ஆயா, சளி புடிச்சிருக்கு"ங்குறேன்.

வீட்டுல சிரிப்பு ஆரம்பிச்சிருச்சு. செல்லம்மா அத்தை மட்டும் சிரிக்கல. என்னையத் திரும்பிப் பாத்து, அப்ப தெனமும் ஒங்க வீட்டுக்கு விருந்தாளி வரலையான்னு கேட்டாங்க. பாவம், செவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவங்களுக்கு எப்பிடித் தெரியும். மாப்பிள வீட்டாளுங்க வந்து வந்து போறாங்க, பொண்ணுக்கு அம்மா எடத்துல நின்ன என்னைய ஒரு சாயத்தண்ணி குடிக்கக்கூடக் கூப்புடலன்னு மாசக்கணக்கா மனசுக்குள்ள வச்சிருந்திருக்காங்க. அதனாலதான் அவங்க குடுத்தனுப்புற கருவாட்டுக் கொழம்பு கொஞ்ச நாளா எனக்கு வரல.

அந்த நேரம் பாத்து வீடியோவுல அத்தை ஊதாச் சேலையோட நடந்து வந்தாங்க. வீடியோவுல இருந்த நான், "அத்தை, அந்தச் சேலைய இன்னும் எத்தன கல்யாணத்துக்குத்தான் கட்டுவீங்க"ன்னேன்.

எல்லாரும் அத்தையப் பாத்தாங்க. அத்தை சேலையப் பாத்தாங்க.

"கட்டுவேன்டா. ஒன் கல்யாணத்துக்கும் இதத்தான் கட்டுவேன். ஒனக்கெல்லாம் எவ வரப்போறா."

அம்மா இதையெல்லாம் காதுல வாங்கல. கொஞ்சங் கொஞ்சமா முன்னால வந்து, வாங்கோட நுனியில உக்காந்திருந்தாங்க. கெட்டிமேளம் ஆரம்பிச்சுச்சு. மாப்பிள தாலியக் கையில எடுத்தாரு. வீடியோவுல நான் சோத்துல கல்லு கெடச்ச மாதிரி குனிஞ்சு பாத்தேன், பிறகு நிமுந்தேன். என் மண்டை சரியா மணவறைக்கு முன்னால வந்து நின்னுச்சு.

அம்மா எடது பக்கம் சாஞ்சாங்க. பின்னால இருந்த லயமே எடது பக்கம் சாஞ்சுச்சு, என் மண்டையச் சுத்திப் பாத்துறலாம்னு. ஒண்ணும் தெரியல. மேளம் அடிக்குது, ஆளுங்க பூப் போடுறாங்க, நடுவுல சீவின என் மண்டை.

"தலைய நகத்துடா"ன்னாங்க அம்மா, வீடியோவப் பாத்து. அது நகரலன்னதும் பக்கத்துல இருந்த என் தலையில ஒண்ணு வச்சாங்க. அன்னைக்கு வந்த சிரிப்புல ராமையா மாமாவுக்கு வெத்தல பொரையேறிருச்சு. நானும் சேந்து சிரிச்சேன். எப்பிடியோ தப்பிச்சோம்னு நெனச்சேன்.

கல்யாணம் முடிஞ்சுச்சு. வீடியோவுக்குள்ள சிடி சுத்துற சத்தம் மெதுவா நின்னுச்சு. நான் தட்ட வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கேன். முதுகுதான் தெரியுது. அடுத்த வீட்டு சீரியல் சத்தம் லேசாக் கேக்குது. பிறகு லெப்டொப்பப் பாத்து, நல்ல மரியாதையா, "சரிங்க. நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு மூடியச் சாத்துறேன். இருட்டாயிருச்சு. இருட்டுக்குள்ள தட்டு கழுவுற சத்தம் மட்டும் கேட்டு, வீடியோ நின்னுச்சு.

யாரும் சிரிக்கல. ராமையா மாமா இல்லாத டோர்ச்ச கீழ தேடினாரு.

அம்மாதான் பேசினாங்க. "சரி, இப்ப கல்யாணத்தப் போடு."

தேடினேன். சிடியில அந்த ஒரு வீடியோவத் தவிர ஒண்ணுமில்ல. வெளிய எடுத்து, சட்டையில தொடச்சு, திரும்ப மவுண்ட் பண்ணினேன். ஒண்ணுமில்ல. பரவால்ல, காப்பி இருக்குன்னு சத்தமாச் சொல்லிட்டு அம்புக்குறியத் தட்டினேன். அது காப்பி இல்லையாம், சிடியில இருக்கிறதுக்கு வழி காட்டுற பலகையாம். ஊரே இல்லாத எடத்துக்கு ஒரு பலகை நின்னுக்கிட்டிருந்துச்சு.

அழிச்சுட்டேன்மான்னு சொன்னேன். அடுப்புல சோறு இருக்கு, புள்ள தூங்குதுன்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. அம்மா திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தலையில இருந்த பூவ எடுத்து வாங்குல வச்சாங்க.

"டெய்லியும் இப்பிடித்தானா?"

எது டெய்லின்னு கேக்காமலே எனக்குப் புரிஞ்சுச்சு.

"இல்லம்மா. ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி."

வழக்கமா எனக்கு அம்மாகிட்ட இந்த மாதிரி பகிடி எடுபடும். அன்னைக்கு எடுபடல. அம்மா புதுச் சேலையோடயே பானையத் தொறந்து சோறு போட்டு, என் முன்னால வச்சு, நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நானும் பேசல. ஆளு இருக்கும்போது என்னத்தப் பேசுறதுன்னு தெரியல.

மறுநாள் கடையில இருந்து சுதனுக்கு அடிச்சு அழாத கொறையாச் சொன்னேன். அவன் நல்லாச் சிரிச்சிட்டு, அழியலடா மடையான்னான். அந்த மாதிரி சிடியில எழுதத்தான் முடியுமாம், அழிக்கவே முடியாதாம். நான் நோ குடுத்தேன்ல, பழசையும் சேத்துக்கவான்னு அது கேட்டிருக்கு. நான் வேணாம்னதும் புதுசுக்கு மட்டும் ஒரு பொருளடக்கம் போட்டிருச்சு. கம்பியூட்டர் எப்பவும் கடைசியாப் போட்டதத்தான் படிக்குமாம். மவுண்ட் பண்ணும்போது, மொதல்ல எழுதினதப் படின்னு ஒரு சொல்லச் சேத்துட்டா கல்யாணம் அப்பிடியே வரும்னான். அந்தச் சொல்ல கையில எழுதிக்கிட்டேன். பஸ்ஸுல வேர்வையில அழிஞ்சிரும்னு கைய விரிச்சு நீட்டிக்கிட்டே வந்தேன். எறங்குறவங்க ரெண்டு பேரு பிச்சைக்காரன்னு நெனச்சிருப்பாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா அதே சேலையத் திரும்பக் கட்டினாங்க. செல்லம்மா அத்தையும் ஊதாவக் கட்டிக்கிட்டு வந்து, என்னைய மொறச்சுக்கிட்டே உக்காந்தாங்க. செவத்துல இருந்த வரியோட கையில இருந்த சொல்லையும் சேத்துத் தட்டினேன். சிடி சுத்துச்சு. பஸ் வந்துச்சு. மாப்பிள வீட்டு ஆளுங்க எறங்கினாங்க. நான் வாயத் தொறக்கல, பின்னால இருந்து யாரோ, "வாங்க, வாங்க, வழுக்கும்"னாங்க. பெரியப்பா மைக்கப் புடிச்சதும் லயமே சேந்து, "சாப்புடுங்க மாமா"ன்னுச்சு.

கெட்டிமேளம் அடிச்சப்ப மணவறை முழுசாத் தெரிஞ்சுச்சு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் அம்மா எடது பக்கம் சாஞ்சுதான் பாத்தாங்க. தாலி ஏறினதும் அந்த எடத்தத் திரும்பப் போடச் சொன்னாங்க. அக்காவுக்குப் பின்னால ஊதாச் சேலையோட நிக்கிற அத்தையவே பாத்துக்கிட்டிருந்துட்டு, "நல்லா நின்னுருக்க செல்லம்மா"ன்னாங்க. அத்தை மூக்கச் சிந்தினாங்க.

லீவு முடிஞ்சு அம்மா திரும்பக் கெளம்பினாங்க. அம்புக்குறி இல்லாத நெசமான காப்பியா அக்கா கல்யாணத்த அம்மா ஃபோன்ல ஏத்திக் குடுத்தேன். அதையும் ஏத்துன்னாங்க. எதம்மான்னேன். ஒன் மண்டையன்னாங்க.

இப்ப லயத்துல நான் ஃபோன்ல பேசினாக்கூட செவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லம்மா அத்தை, யாருடா விருந்தாளின்னு கேப்பாங்க. அக்கா வீட்டுல டீவிக்கு முன்னால எவன் நின்னாலும், மாமா மண்டை வந்துருச்சுங்குதாம் அது புள்ள. கட்டிக்கிறதுக்குப் பொண்ணு பாக்குறாங்க. ஃபோட்டோவுக்குப் பதிலா அந்த வீடியோவக் காட்டிறலாம்னு அக்காவுக்கு ஒரு ஆசை.

அம்மா இப்ப தெனமும் நான் சாப்புடுற நேரத்துக்கு வீடியோ கோல் அடிக்கிறாங்க, எங்க சிக்னலுக்கு மூஞ்சி துண்டு துண்டாத் தெரிஞ்சாலும். ஃபோன பானையில சாச்சு வச்சுருவேன். அம்மாகூட ஒரே ரூம்ல ஒரு பிலிப்பீன்காரப் பொண்ணு இருக்கு. அம்மா ராத்திரியில அந்த வீடியோவப் போட்டுப் போட்டு அதுக்கும் மனப்பாடம் ஆயிருச்சு. தமிழ்ல அதுக்குத் தெரிஞ்சது ஒரே வரிதான். நான் தட்டக் கழுவப் போற நேரம் பாத்து, அம்மா தோளுக்கு மேலால எட்டிப் பாத்து, நல்ல மரியாதையா அதச் சொல்லும்.

"சரிங்க. நாளைக்கு வாங்க."